மாலை போடாத நாட்கள்

ஜனவரி 18

கார்த்திகை ஒன்றாம் தேதி போட்ட மாலை. இரண்டு மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. ஜோதி பார்த்துத் திரும்பி, நேற்றுக் காலை மாலையைக் கழற்றினேன். பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்தது. பன்னிரண்டே காலுக்கு நான் பாரில் இருந்தேன்.

ஜனவரி 26

குடியரசு தினம், கடை லீவு. எந்தச் சந்தில் இரண்டு பங்கு விலைக்குக் கிடைக்கும் என்பது எனக்கு மனப்பாடம். மகளின் நோட்டுக்கு வைத்திருந்த பணம் அந்தச் சந்துக்குப் போனது.

பிப்ரவரி 9

லேத்தில் நிற்க முடியவில்லை. வெர்னியரை ஜாப்பில் வைத்தால் கை தந்தியடிக்கிறது. இருபது வருடம் கோவை கணபதியில் பட்டறை வேலை பார்த்த கை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை; ஜாப்பை வேறு பையனிடம் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 10

அரசு மருத்துவமனை. “இன்றோடு விட்டுவிடுகிறேன்” என்றேன். டாக்டர் பதறினார். தினமும் குடிக்கிறவன் மருந்தில்லாமல் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி பிதற்றலாம், உயிரே போகலாமாம். படுக்க வைத்துவிட்டார்கள். மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி.

பிப்ரவரி 18

டிஸ்சார்ஜ். “உடம்பை நாங்கள் தேற்றிவிட்டோம். இனிமேல் இங்கே போங்கள்” என்று கவுன்சிலர் ஒரு சீட்டு கொடுத்தார். குடியை விட நினைப்பவர்களின் சங்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் கூட்டம், ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில், மாலை ஏழு மணி. ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். எதிர் டீக்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாக்கடையோரம் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அந்த வாசலில் நுழைவதை யாரும் பார்த்துவிடக் கூடாதாம் எனக்கு!

பிப்ரவரி 20

சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். சாயங்காலமே ஒரு பெரியவர் மொபெட்டில் வந்து இறங்கினார். ரிட்டையரான பஸ் கண்டக்டர். “எனக்காக இவ்வளவு தூரமா?” என்றேன். “உங்களுக்காக இல்லீங்க தம்பி, எனக்காக வந்தேன். உங்களை மாதிரி ஒருத்தர்கிட்டப் பேசுனா இன்னைக்கு நான் குடிக்காம இருப்பேன்.”

ஒரு கதை சொன்னார். 1935இல் நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில், அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊருக்கு வியாபார விஷயமாகப் போனார். காரியம் கெட்டது. தங்கிய ஓட்டலில் பார் அழைத்தது. குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொரு குடிகாரனிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று போன் போட்டுத் தேடியதில் அகப்பட்டவர் டாக்டர் பாப், அறுவைசிகிச்சை நிபுணர். ஜூன் 10 அன்று பாப் ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டும், கை நடுங்குகிறது. நடுக்கம் நிற்க பில்லே ஒரு பீர் கொடுத்து அனுப்பினாராம். பாப் கடைசியாகக் குடித்தது அதுதான். 1950இல் சாகும்வரை தொடவில்லை. அந்த ஜூன் 10தான் சங்கத்தின் பிறந்தநாள்.

டாக்டர் கையும் நடுங்கியிருக்கிறது. அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

பிப்ரவரி 22

போய்விட்டேன். நாலாம் வகுப்பு அறை. கரும்பலகையில் பின்னக் கணக்கு. குழந்தைகள் பெஞ்சில் முட்டி இடிக்கப் பதினோரு பேர். சர்ச் என்பதால் ஒரு தயக்கம் இருந்தது. “வாடகை குடுத்துத்தானுங்க உட்கார்ந்திருக்கோம், மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை” என்றார் கண்டக்டர். வாடகைக்கு ஒரு பை சுற்றி வருகிறது. உறுப்பினர்கள் போடுவதுதான், வெளியார் பணம் வாங்குவதில்லை. குடியை விடும் ஆசை இருந்தால் போதும், சேர்ந்தாயிற்று.

ஒவ்வொருவரும் பேர் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பிக்கிறார்கள். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை. எப்போது சத்தியம் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அம்மா தலையில் அடித்திருக்கிறேன், மகள் தலையில் அடித்திருக்கிறேன், கோயிலில் கயிறு கட்டியிருக்கிறேன். எல்லாம் ஆயுசுக்கும் செய்த சத்தியங்கள். இவர்கள் கேட்டது இன்று ஒரு நாள்.

மாலை போட்டிருந்த இரண்டு மாதமும், கழற்ற இன்னும் எத்தனை நாள் என்றுதான் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன்.

மார்ச் 15

நாலு வருடம் தொடாதவர் போன வாரம் குடித்துவிட்டாராம். இன்று வந்து, “எனக்கு இது மூணாவது நாள்” என்றார். வழக்கம்போல எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலு வருடம்!

மார்ச் 29

வீட்டுக்காரி அல்-அனான் கூட்டத்துக்குப் போய்வந்தாள். குடிக்கிறவர்களின் குடும்பத்துக்கான சங்கம். பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கியது. வந்தவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, முன்பு என் ரசத்தில் யாரோ கொடுத்த பொடியைக் கலந்ததைச் சொன்னாள். “அது வேலை செய்யலீங்க” என்றாள். ரொம்ப நாள் கழித்து இருவரும் சிரித்தோம்.

ஏப்ரல் 26

மாமா தோட்டத்தில் கெடா விருந்து. தென்னை மரத்தடியில் பாட்டில்கள். வாசனை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறியது. எழுபத்தைந்து நாள் அதற்குத் தெரியாது போலிருக்கிறது. கண்டக்டருக்குப் போன் போட்டேன். “இலையில உட்காருங்க தம்பி, மொதல்ல வயிறு நிறையச் சாப்பிடுங்க” என்றார்.

மாமா டம்ளரை நீட்டினார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

“ஏன் மாப்ளே, மாலை போட்டிருக்கியா?”

“இல்லீங்க மாமா. இன்னைக்கு வேண்டாம்.”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கு வந்து கேளுங்க மாமா.”