கொல்கத்தா: வெளிச்சம் காத்திருக்காது

காலை ஐந்தரை மணி. ஹௌரா பாலத்தின் கொல்கத்தாப் பக்க அடிவாரத்தில், மல்லிக் காட் பூச்சந்தையில் கால் வைக்க இடமில்லை. கோலாகாட், பாஞ்ச்குரா, ராணாகாட் பக்கங்களிலிருந்து இரவோடிரவாக வந்திறங்கிய பூக்கள். ஆளுயரச் செண்டுமல்லிச் சரங்களைத் தோளிலும் தலையிலும் சுமந்துகொண்டு, வழிவிடச் சொல்லிக் கத்தியபடி ஓடுகிறார்கள் சுமைக்காரர்கள். ஆற்றுப் படித்துறையில் குளியல் நடக்கிறது. நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து எழும் சூரியன், எதிரே நிற்கும் இரும்புப் பாலத்தின் மீது நேராக விழுகிறது. சாம்பல் நிறப் பாலம் சில நிமிஷங்களுக்குத் தாமிரமாகிறது.

ஓட்டலில் சாவகாசமாக டிபனை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு டாக்ஸியில் வந்திறங்கும் வெளியூர்க்காரருக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. பாலம் அதேதான். சந்தையும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் வெளிச்சம் தலைக்கு மேல் போய்விட்டது. எல்லா முகங்களிலும் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல்.

சனி, ஞாயிறு என்று இரண்டே நாள் கேமராவுடன் ஊர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தயாரிப்பது இடங்களின் பட்டியல். பதினைந்து, இருபது என்று நீளும். கொல்கத்தாவில் அந்தப் பட்டியலைவிட உதவுவது கடிகாரம்தான். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்; அது மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம். கொல்கத்தா அதற்கு ஏறக்குறைய 6 பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம் வீதம், இங்கே சூரியன் கடிகாரத்தை முந்திக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். டிசம்பரிலோ மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சென்னை அல்லது டெல்லிப் பழக்கத்தில், 'ஐந்தரைக்கு மேல் மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும்' என்று கணக்குப் போட்டவர்கள் குளிர்காலத்தில் இருட்டைத்தான் படமெடுக்க வேண்டும்.

கடிகாரத்துக்கு அடுத்தது கிழமை. சனிக்கிழமைக் கொல்கத்தாவும் ஞாயிற்றுக்கிழமைக் கொல்கத்தாவும் ஒன்றல்ல. காலேஜ் ஸ்ட்ரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1817இல் இந்து காலேஜாகத் தொடங்கிய இன்றைய பிரசிடென்சி பல்கலைக்கழகத்தின் வேலிக் கம்பிகளை ஒட்டி, பழைய புத்தகங்கள் சுவர்போல அடுக்கப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் பூட்டிய தகரப் பெட்டிகளைத்தான் பார்க்க முடியும். ஆகவே அது சனிக்கிழமைக்கு. வெயில் ஏறிய பிறகு எதிரே உள்ள காபி ஹவுஸுக்குள் நுழைந்துவிடலாம். மேல்தளத்து மாடத்தில் நின்று கீழே பார்த்தால், மேசைகளும் சிகரெட் புகையும் தலைப்பாகைப் பரிமாறுநர்களும் ஒரே சட்டத்துக்குள் வருவார்கள். நண்பகலில் வெளியே எடுக்க முடியாத படங்களை உள்ளே எடுக்கலாம்.

மாறாக, பி.பி.டி. பாக் பகுதிக்கு ஞாயிறு காலைதான் சரி. ரைட்டர்ஸ் கட்டடம், 1868இல் கட்டி முடிந்த ஜெனரல் போஸ்ட் ஆபீஸின் வெள்ளைக் குவிமாடம் ஆகியவை வாரநாட்களில் பஸ்களுக்கும் மினிபஸ்களுக்கும் பின்னால் மறைந்திருப்பவை. ஞாயிறு விடியலில் சாலை காலி. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் திரெட்டி பஜார். கொல்கத்தாச் சீனர்கள் தெருவோரத்தில் ஆவி பறக்கும் மோமோவும் மீன் உருண்டை சூப்பும் விற்கும் காலைச் சந்தை அது. ஞாயிறுதான் அங்கே கூட்டம். எட்டரை மணிக்குள் கடையைக் கட்டிவிடுகிறார்கள்.

கட்டடங்களுக்குத் திசையும் உண்டு. 1921இல் திறக்கப்பட்ட விக்டோரியா மெமோரியலின் முகப்பு வடக்கு பார்த்தது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நாள் முழுவதும் அந்த முகப்பு நிழலில்தான். வெண்பளிங்கு வெண்மையாக விழவில்லை என்று கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. தெற்கு வாசல் பக்கம் சுற்றிப் போகலாம். அல்லது விடிந்ததும் மைதானத்துப் பனிமூட்டத்தில் வெறும் நிழலுருவமாக எடுக்கலாம். மாலைக்குப் பிரின்செப் காட். பிராமி எழுத்தைப் படித்து அசோகர் கல்வெட்டுகளுக்கு வாய் கொடுத்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக 1840களில் எழுந்த தூண் மண்டபம். அதற்குப் பின்னால் 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவின் கம்பி வடங்கள். சூரியன் ஆற்றுக்கு அப்பால் இறங்கும்போது படகோட்டிகளும் பாலமும் கறுப்புக் கோடுகளாகிவிடும். பக்கத்திலேயே ராணுவக் கோட்டை. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருப்பதும், டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதும் நல்லது.

ஹௌரா பாலத்தின் மீதே நின்று கேமராவைத் தூக்கினால் காவலர் தடுப்பது இங்கே நெடுநாள் வழக்கம். அதற்காக வாதாட வேண்டியதில்லை. 1943இல் திறந்து, 1965இல் ரவீந்திர சேது என்று பெயர் மாறிய அந்தப் பாலத்தை முழுதாகப் பார்க்க ஆறுதான் சரியான இடம். ஹௌரா படகுத்துறையில் சில ரூபாய்க்கு டிக்கெட் வாங்கினால் பாலத்துக்கு அடியிலேயே கொண்டு போவார்கள். வடக்கே போகும் படகு ஷோபாபஜாரில் நிற்கும். இறங்கினால் குமார்துலி.

கேள்வி வேறாக மாறுவது இங்கேதான். குமார்துலி என்பது துர்க்கை சிலைகள் பிறக்கும் குயவர் பேட்டை. மூங்கில் சட்டம், அதன் மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய வைக்கோல் உடல், அதன் மேல் பிசுபிசுப்பான களிமண், கடைசியாக வழவழப்புக்கு மணல் கலந்த மண். தலையும் விரல்களும் தனியாகச் செய்து பொருத்தப்படும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். தார்ப்பாய்க் கூரையின் இடுக்கு வழியே வரும் ஒற்றைக் கீற்று வெளிச்சத்தில், தலையில்லாத வைக்கோல் தெய்வங்கள் வரிசையாக நிற்கும். கேமராக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதனால்தான் பூஜைக்கு முந்தைய வாரங்களில் சிற்பிகளைவிடக் கேமராக்காரர்கள் அதிகமோ என்று தோன்றும். மகாளய அமாவாசையன்று கண் திறக்கும் சடங்குக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு சிலையைச் சுற்றிப் பத்து லென்ஸ்கள். 2021இல் கொல்கத்தா துர்கா பூஜையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சிற்பிக்கு அது ஆண்டின் மிக நெருக்கடியான காலம். மழை பெய்தால் மண் காயாது. குறித்த நாளில் பந்தலுக்குச் சிலை போயாக வேண்டும். 'இப்படித் திரும்புங்கள், தூரிகையை அப்படியே பிடியுங்கள்' என்று கேட்கும் ஒவ்வொருவரும் அவருடைய வேலையில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகிறார்கள். ஈரச் சிலையில் தோள்பை உரசினால் ஒரு விரல் போகும்.

வழி இருக்கிறது. பூஜைக் காலத்தைத் தவிர்த்துப் போகலாம். குமார்துலி ஆண்டு முழுவதும் உழைக்கிறது. துர்க்கைக்குப் பின் காளி, ஜனவரி வாக்கில் சரஸ்வதி. முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். பிறகு, "தாதா, ஏக்டா சோபி துல்போ?" என்று கேளுங்கள். 'அண்ணா, ஒரு படம் எடுக்கட்டுமா?' என்று அர்த்தம். பெண்களிடம் தாதாவுக்குப் பதில் தீதி. தலையசைத்தால் எடுக்கலாம், மறுத்தால் சிரித்துவிட்டு நகரலாம். பணம் கேட்டால் அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. அது அவருடைய தொழிற்கூடம்.

இதே நியாயம் மல்லிக் காட் படித்துறைக்கும் பொருந்தும். வீட்டில் குளியலறை இல்லாததால் ஆற்றில் குளிப்பவரை, கரையிலிருந்து தொலைதூர லென்ஸில் பிடிப்பது திறமை ஆகாது. கைரிக்‌ஷாக்காரர் விஷயமும் அப்படித்தான். கொல்கத்தா என்றால் வறுமை என்று உலகம் பழகிய படம் அது. இழுக்கும் கைகளை மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் ஒருமுறை ஏறி உட்கார்ந்து கூலி கொடுத்து, பேசிவிட்டு எடுத்தால் படம் வேறுமாதிரி வரும். ரகுபீர் சிங்கும் ரகு ராயும் இந்த ஊரை ஒரு வார இறுதியில் எடுத்துவிடவில்லை. திரும்பத் திரும்ப வந்தார்கள்.

எடுக்க வேண்டியவற்றில் சில அவசரமானவையும்கூட. 1873இல் குதிரை இழுக்கத் தொடங்கி, 1902இல் மின்சாரத்துக்கு மாறிய டிராம்களை, எஸ்பிளனேடு-மைதானம் தடம் ஒன்றைத் தவிர நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. எனவே டிராமை எடுக்க விரும்புகிறவர்கள், எந்தத் தடத்தில் வண்டி ஓடுகிறது என்று உள்ளூரில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும் என்பதால், வார இறுதிக்கு விமானம்தான் கட்டும். வெள்ளி இரவே வந்துவிட்டால் இரண்டு விடியல்கள் கைக்கு வரும். சனி: மல்லிக் காட், காலேஜ் ஸ்ட்ரீட், பிரின்செப் காட். ஞாயிறு: பி.பி.டி. பாக், திரெட்டி பஜார், பிறகு படகில் குமார்துலி. ஆறு இடங்கள் போதும். ஏழாவது வேண்டுமென்றால் தெற்கே லேக் மார்க்கெட்டுக்குப் போங்கள். தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் வட்டாரம். வாழையிலையும் பூச்சரமும் கிடைக்கும். டிகாக்‌ஷன் காபிக்கும் குறைவிருக்காது.

ஊர் திரும்பியபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எஸ்பிளனேடு அருகே போர்ன் அண்டு ஷெப்பர்டு என்ற ஸ்டூடியோ இருந்தது. 1860களில் தொடங்கிய பரம்பரை. 1991இல் தீப்பிடித்து அதன் பழைய சேகரிப்பு அழிந்தது. 2016இல் கடையும் மூடப்பட்டது. இன்று பார்க்கக் கிடைக்கும் அதன் படங்கள் அன்றே அச்சாகி, வாங்கியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தவை. செல்போனுக்குள் கிடக்கும் உங்கள் இரண்டாயிரம் படங்களில் இரண்டையாவது பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவருக்கு அனுப்பிவையுங்கள். குமார்துலியில் 'அனுப்புகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் ஏராளம்.