உருளைக்கிழங்கும் கற்பனைத் தீவும்

"கதை எழுத ஆசைதான்; ஆனால் இந்த வீட்டு வேலையில் எங்கே ஒழிகிறது?" என்று பெருமூச்சு விடுகிறவரா நீங்கள்? அப்படியானால், இங்கிலாந்துக்குப் போகும் சந்தர்ப்பம் வாய்த்தால் லண்டனைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். வடக்கே யார்க்‌ஷயரில் ஹாவொர்த் என்ற மலைக் கிராமத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

கீத்லி ஸ்டேஷனில் இறங்கினால், தொண்டர்கள் நடத்தும் பழைய நீராவி ரயில் ஒன்று உங்களை அங்கே கொண்டு சேர்க்கும். (அது ஓடுகிற நாளாகப் பார்த்துப் போக வேண்டும்.) அப்புறம் கல் பதித்த கடைத்தெரு. தெருவா அது? செங்குத்தான ஏற்றம்! மூச்சு வாங்க ஏறினால் சர்ச், அதை ஒட்டிக் கல்லறைகள், அவற்றுக்கு அப்பால் பாதிரியார் வீடு. பின்னால் மரமே இல்லாத மேட்டு நிலம். காற்று முடிந்த கொண்டையை அவிழ்த்துவிடும்.

1820-ல் பாட்ரிக் பிரான்ட்டே என்ற பாதிரியார் மனைவியோடும் ஆறு குழந்தைகளோடும் இந்த வீட்டில் குடியேறினார். மறு வருஷமே மனைவி காலமானார். 1825-ல் மூத்த பெண்கள் இருவரும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் ஷார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். தாயில்லாக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரியம்மா வந்தாள். அடுப்படிக்கு டாபி வந்தாள்.

1826-ல் அப்பா லீட்ஸ் நகரத்திலிருந்து பிள்ளைக்கு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பெண்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொன்றைப் பறித்துக்கொண்டு பெயர் வைத்தார்கள். பெயர் வந்ததும் நாடு வேண்டும், ராஜா வேண்டும், யுத்தம் வேண்டும்! எல்லாவற்றையும் தீப்பெட்டி அளவுப் புத்தகங்களில் எழுதி, சர்க்கரை சுற்றி வந்த காகிதத்தைக்கூட அட்டையாக வைத்து, ஊசி நூலால் தைத்தார்கள். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, 1834 நவம்பர் 24-ந் தேதி எமிலியும் ஆனும் எழுதிவைத்த ஒரு துண்டுக் காகிதம். எமிலிக்கு வயது 16, ஆனுக்கு 14. பின்கட்டில் ஒருத்தி துணி துவைக்கிறாள். சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி, டர்னிப், ஆப்பிள் புட்டிங். படுக்கை தட்டிப் போடவில்லை, பாடமும் படிக்கவில்லை. உருளைக்கிழங்கை உரிக்க வாருங்கள் என்று டாபி கூப்பிடுகிறாள். இதற்கு நடுவே, மூச்சு விடாமல் ஒரு வரி: இவர்கள் கற்பித்த காண்டல் தீவுக்காரர்கள் இப்போது கால்டைன் என்ற இன்னொரு தீவின் உட்பகுதியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்களாம்! துணி துவைப்பதும் தீவு கண்டுபிடிப்பதும் இவர்களுக்கு ஒரே வீட்டுச் சமாசாரம். கதை எழுதத் தனி அறையும் தனி நேரமும் வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

டாபியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1836 டிசம்பரில் பனியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாள். அவளைத் தன் சகோதரி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றாள் பெரியம்மா. பெண்கள் வாதாடிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. உடனே சாப்பிட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆம், உண்ணாவிரதம்தான்! டாபி தங்கினாள், வேலையும் சிசுருஷையும் பெண்கள் தலையில் விழுந்தன. பிற்பாடு சமையலறையில் எமிலி ரொட்டி மாவு பிசைவாளாம், எதிரே ஜெர்மன் புத்தகத்தைச் சாத்தி வைத்துக்கொண்டு. ரொட்டி என்னவோ நன்றாகவே வந்ததாம்.

1837-ல் ஆஸ்தான கவி ஸதே, ஷார்லட்டுக்கு எழுதிய கடிதத்தில், இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாகாது என்று புத்திமதி சொன்னார். ஆகையால்தானோ என்னவோ, 1846-ல் பெரியம்மா விட்டுப்போன பணத்தில் கவிதைப் புத்தகம் போட்டபோது, சகோதரிகள் ஆணா பெண்ணா என்று விளங்காத பெயர்களை வைத்துக்கொண்டார்கள். முதல் வருஷத்தில் இரண்டே பிரதிகள் விற்றன. வாங்கிய அந்தப் புண்ணியவான்கள் யாரோ! மறு வருஷமே 'ஜேன் அயர்', 'உதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' மூன்றும் வந்துவிட்டன. 'ஜேன் அயர்' அச்சாகிப் பெயர் வாங்கிய பிறகுதான் ஷார்லட் அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். படித்துவிட்டு அவர் தேநீர் வேளையில் மற்றப் பெண்களிடம், எதிர்பார்த்ததைவிட நன்றாயிருக்கிறது என்றாராம். அப்பாக்கள் எந்தத் தேசத்திலும் அப்பாக்கள்தான்.

1928 முதல் வீடு மியூஸியமாக இருக்கிறது. சாப்பாட்டு அறையில் அந்த மேஜையைப் பாருங்கள். கைமாறிப் போயிருந்து 2015-ல் திரும்பி வந்தது. மைக்கறை உண்டு, 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை யாரோ செதுக்கியிருக்கிறார்கள். பகலில் சாப்பாடும் தையலும் அதில்தான். இரவு ஒன்பது மணிக்கு அப்பா கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் படுக்கப் போவார். பிறகு மூன்று பேரும் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி, எழுதியதைப் படித்துக் காட்டி, இனி என்ன ஆகும் என்று பேசிக்கொள்வார்கள்.

1848 செப்டம்பரில் பிரான்வெல் இறந்தான், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஆன். அதன் பிறகும் ஷார்லட் இரவு நடையை விடவில்லை. ஒற்றைக் காலடி ஓசை கேட்கும்போதெல்லாம் நெஞ்சு வலித்ததென்று வேலைக்காரப் பெண் மார்த்தா பின்னாளில் சொல்லியிருக்கிறாள். அந்தத் தனிமையில்தான் 'ஷெர்லி' முடிந்தது. 'வில்லெட்'டும் எழுதி, 1853-ல் வெளிவந்தது.