நடுவுல ஒண்ணு வரலையே

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அது முடிஞ்சு மேடவாக்கம் கூட்ரோட்டைத் தாண்டி வீடு வந்து சேர்றதுக்குள்ள பாதி உயிர் போயிடுது, இதுல எங்கேர்ந்து பதிவு எழுதறது! இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். தொழில்நுட்பப் பதிவு மாதிரி ஆரம்பிக்கும், பயப்படாதீங்க. பாதியில வேற பக்கம் திரும்பிடும்.

குறும்படம் எடுக்கற நண்பர்களுக்கு ஓசியில சவுண்டு மிக்ஸ் பண்ணித் தர்றது நம்ம பொழுதுபோக்கு. அதுக்காகவே ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு சனிக்கிழமை அலைஞ்சு, பேரம் பேசி, ஹால்ல ஒரு 5.1 செட் போட்டு வெச்சிருக்கேன். "இத்தனை பொட்டி வெக்கற இடத்துல ஒரு பீரோ வெச்சிருக்கலாம்" என்பது தங்கமணியின் நிரந்தரக் கருத்து.

5.1ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். முன்னாடி இடது, நடு, வலதுன்னு மூணு ஸ்பீக்கர். பக்கவாட்டுல கொஞ்சம் பின்னாடி தள்ளி ரெண்டு. இதுதான் அந்த 5. புள்ளி ஒண்ணுங்கறது வெடிச்சத்தம், இடி மாதிரி அடிவயித்துல உணர்ற கனமான சத்தத்துக்குன்னு தனியா இருக்கற சேனல். சுமார் 120 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதுல வரும். மத்த சேனல்ல 20,000 வரைக்கும் போகுது, அதனால அதை முழு சேனலா எண்ணாம புள்ளி ஒண்ணுன்னு வெச்சுட்டாங்க. எந்த ஸ்பீக்கரை எங்கே வெக்கணும்னு ஒரு சர்வதேசக் கணக்கும் இருக்கு. நீங்க உக்கார்ற இடத்துலேர்ந்து பாத்தா நடு ஸ்பீக்கர் நேர் எதிரே, இடதும் வலதும் 30 டிகிரி தள்ளி, பின் ஸ்பீக்கர்கள் 100லேர்ந்து 120 டிகிரிக்குள்ள. நம்ம ஹால்ல ஒரு பின் ஸ்பீக்கர் ஃபிரிட்ஜ் மேல இருக்கு. டிகிரி எல்லாம் கேக்கக் கூடாது.

இதுல ராஜா யாருன்னா நடு ஸ்பீக்கர்தான். சினிமாவுல வசனம் முக்கால்வாசி அங்கேர்ந்துதான் வரும். தியேட்டர்ல நீங்க ஓரத்து சீட்ல உக்காந்திருந்தாலும், பேசறவன் திரையிலேர்ந்தே பேசற மாதிரி இருக்கணும்ல? அதுக்காகத்தான். இடது வலதுல பெரும்பாலும் பாட்டு, பின்னணி இசை, கார் போற சத்தம் வரும். பின்னாடி மழை, கூட்டம், காத்து. இந்த ஏற்பாட்டை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த விஷயத்துல நம்ம கோலிவுட் எப்பவுமே முன்வரிசைதான். 1995ல வந்த குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோவுல வந்துச்சு. அடுத்த வருஷமே கருப்பு ரோஜா டிடிஎஸ்ல. டிடிஎஸ்ல வேடிக்கை என்னன்னா, சத்தம் ஃபிலிம்லயே இருக்காது. தனியா சிடியில இருக்கும். ஃபிலிம் ஓரத்துல ஒரு நேரக்குறி மட்டும் அச்சாகி, சிடியும் படமும் கைகோத்து ஓடும். அந்தக் காலத்துல தாம்பரத்துல படம் பாத்தவங்களுக்கு நினைவிருக்கும், படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிடிஎஸ்னு திரையில வந்தாலே விசில் பறக்கும். ஹீரோ என்ட்ரிக்கு அடிச்ச விசிலுக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்ல. லகான், கன்னத்தில் முத்தமிட்டால் ரெண்டுக்கும் ஒலிக்கான தேசிய விருதுல பங்கு வாங்கின ஹெச்.ஸ்ரீதர் நம்ம சென்னைக்காரர்தான். 2008ல காலமாயிட்டார். அப்புறம் 2012ல சிவாஜி 3டி அட்மாஸ்ல வந்துச்சு, 2013ல விஸ்வரூபம் ஆரோ 3டியில. அட்மாஸ் வந்ததும் சேனல் கணக்கே மாறிப்போச்சு. "இந்தச் சத்தம் இந்த ஸ்பீக்கர்ல"ன்னு சொல்லாம, "இந்த ஹெலிகாப்டர் அறையில இந்த இடத்துல பறக்குது"ன்னு சொல்லிட்டாப் போதும். எந்த ஸ்பீக்கர்ல விடணும்னு தியேட்டர்ல இருக்கற மெஷினே கணக்குப் போட்டுக்கும். 128 தடம் வரைக்கும் தாங்கும். 2018ல 2.0வுக்கு சீட்டுக்கு அடியிலயே ஸ்பீக்கர் வெச்சாங்க.

இவ்வளவும் விரல் நுனியில வெச்சிருக்கற மேதாவி வீட்டுல நடந்த கதைதான் இனிமே வரப்போறது.

போன நவராத்திரி முடிஞ்ச சமயம். அம்மா சொன்னாங்க: "படத்துல பேசறதே கேக்க மாட்டேங்குதுடா. மியூசிக்கு மட்டும் காதைக் கிழிக்குது."

அம்மாவுக்கு எழுபத்து மூணு வயசு. எனக்கு உடனே பதில் ரெடி. வயசானா முதல்ல போறது உச்ச அலைவரிசை. ஸ், க், த் மாதிரி மெய்யெழுத்து எல்லாம் தெளிவா விழாது. பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு புரியாது. இதையெல்லாம் ஒரு லெக்சர் மாதிரி எடுத்து விட்டேன். அம்மா பொறுமையா கேட்டுட்டு, "சீரியல்ல நல்லா கேக்குதே"ன்னாங்க.

"சீரியல்ல எல்லாரும் கத்துவாங்கம்மா, அதான்."

சொல்லிட்டு நானே சிரிச்சேன் வேற.

நவம்பர்ல காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி அறைக்குள்ள உக்கார வெச்சு டெஸ்ட் எடுத்தாங்க. 4000 ஹெர்ட்ஸுக்கு மேல கொஞ்சம் இறங்கியிருக்கு, வயசுக்கு இது சகஜம்தான், இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். நான்தான் விடல. மெஷின் வெச்சுக்கலாம்மா, வெளியில தெரியாத மாதிரி சின்னதா வருதுன்னு அரிச்சுக்கிட்டே இருந்தேன். அம்மா பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டாங்க.

ஆனா அதுக்கப்புறம் அம்மா படம் பாக்கறதையே விட்டுட்டாங்க. மத்தியானம் ஒரு படம் போட்டுப் பாக்கறதுதான் அவங்களுக்கு இருந்த ஒரே சினிமா. செங்கல்பட்டுலேர்ந்து பெரியம்மா போன் பண்ணினா, "நீயே பேசிச் சொல்லுடா, எனக்குத்தான் காது சரியா கேக்காதே"ன்னு போனை என்கிட்ட நீட்டினாங்க. நாங்க சாப்பிடறப்போ பேசிக்கிட்டிருந்தா, சும்மா தலையாட்டிட்டுத் தட்டைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா பாருங்க, நாம சொன்னது சரியாப் போச்சுங்கற நினைப்பும் கூடவே இருந்துச்சு. அதை இப்ப எழுதறதுக்கே கூசுது.

பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடி ஒரு நண்பர் குறும்படம் அனுப்பினார். மிக்ஸ் பண்றதுக்கு முன்னாடி எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு சத்தம் தருதான்னு சோதிக்கணும். அதுக்கு ரிசீவர்லயே ஒரு வசதி இருக்கு. ஷ்ஷ்ஷ்னு மழை பெய்யற மாதிரி ஒரு சத்தம், ஒவ்வொரு ஸ்பீக்கரா சுத்தி வரும். அதைப் போட்டு விட்டுட்டு நான் அளவு பாக்கற மீட்டரைத் தேடி உள்ளே போயிட்டேன். அம்மா சோபாவுல உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

திரும்பி வந்தப்போ அம்மா சொன்னாங்க: "இந்தப் பக்கம் வந்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல. அப்புறம் அந்தப் பக்கம் வந்துச்சு. நடுவுல ஒண்ணு வரலையேடா?"

எனக்கு ஒரு நிமிஷம் கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு.

டீவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி தவழ்ந்து போய்ப் பாத்தா, நடு ஸ்பீக்கர் ஒயர் தூசிக்கு நடுவுல அனாதையாத் தொங்குது. கொலுப்படி கட்டறதுக்காக ஸ்டாண்டை நகர்த்தினவனும் நான்தான், கொலு முடிஞ்சு எல்லாத்தையும் எடுத்து வெச்சவனும் நான்தான். ஸ்பீக்கரை அழகா அதே இடத்துல வெச்சுட்டு ஒயரைச் சொருக மறந்திருக்கேன். நடு ஸ்பீக்கர் இருக்குன்னு நம்பி ரிசீவர் மூணு மாசமா படத்தோட வசனம் பூராவும் அந்த அறுந்த வழியில அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு. சீரியல் வெறும் ஸ்டீரியோ. ரெண்டு சேனல்தான், இடது வலதுலயே பேச்சும் வந்துடும். அதான் அம்மாவுக்குக் கேட்டுது. பசங்க பாக்கற கார்ட்டூனும் அப்படியே. நான் படம் பாக்கறது ராத்திரி ஹெட்ஃபோன்ல. அதுல ரிசீவரே நடு சேனலை இடது வலதுல கலந்து கொடுத்துடும். ஆக, உண்மையான சத்தத்தைக் கேட்ட ஒரே ஆள் அம்மாதான். சரியாவும் சொன்னாங்க. படத்துல கேக்கல, சீரியல்ல கேக்குது. இதைவிடத் தெளிவா ஒரு இன்ஜினியர்கூட சொல்லியிருக்க முடியாது.

ஒயரைச் சொருகிட்டு ஒரு பழைய படத்தைப் போட்டேன். பேச்சு கணீர்னு வந்துச்சு. அம்மாகிட்ட உக்காந்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அப்ப எனக்குக் காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

"அன்னிக்கே சொன்னேன்ல." அவ்வளவுதான். மொச்சைத் தட்டைக் கீழே வெச்சுட்டு, போனை எடுத்துப் பெரியம்மாவுக்குப் போட்டாங்க. முக்கால் மணி நேரம் பேசினாங்க.

அந்தக் குறும்படத்தை மிக்ஸ் பண்ணி முடிச்சதும் முதல்ல அம்மாவைத்தான் உக்கார வெச்சுப் போட்டுக் காட்டினேன். முடிஞ்சதும், "அந்தப் பொண்ணு கதவுகிட்ட நின்னு என்னமோ சொல்லுச்சே, அது சரியாக் கேக்கல"ன்னாங்க. மீட்டர்ல பாத்தா அளவெல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சு. இந்த வாட்டி வாதாடல. அந்த ஒரு வரியை ரெண்டு டெசிபல் ஏத்தி, பின்னணி இசையை அந்த இடத்துல கொஞ்சம் இறக்கிட்டு மறுபடி போட்டேன்.

"ஆங், இப்பக் கேக்குது"ன்னாங்க.

டிஸ்கி: வீட்டுல 5.1 வெச்சிருக்கற மக்களே, இன்னிக்கே அந்த ஷ்ஷ்ஷ் சத்தத்தைப் போட்டு ஒரு ரவுண்டு பாத்துடுங்க. நடு ஸ்பீக்கரே இல்லாதவங்க, செட்டிங்ல "நடு ஸ்பீக்கர் இல்லை"ன்னு மறக்காம மாத்தி வெச்சுடுங்க, வசனம் தானா இடது வலதுக்குப் போயிடும். வீட்டுல பெரியவங்க ஏதாவது கேக்கலைன்னு சொன்னா, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி டீவிக்குப் பின்னாடி ஒரு வாட்டி குனிஞ்சு பாருங்க.