ஏழு உருண்டைகளும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்



அன்று அஸர் தொழுகைக்குப் பின் உலர்ந்த துணிகளை எடுக்க எங்களுள் ஒருவர் மொட்டை மாடிக்குச் சென்றபோது, ஆறு வயதான இளையவன் ஏழு கோலிக்குண்டுகளை வட்டமாக அடுக்கி, அவற்றின் நடுவே நின்றுகொண்டிருந்தான். இரு கைகளையும் வானை நோக்கி உயர்த்தியிருந்தான். "ஷென்ரானே, எங்க பாட்டியைத் திரும்பத் தா" என்பது அவனது வேண்டுதல். பாட்டியார் வஃபாத்தாகி அப்போது நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ஓரிறைக் கொள்கையைத் தாய்ப்பாலோடு ஊட்டியதாக நம்பியிருந்த எங்களுக்கு அக்காட்சி எவ்வளவு கலக்கத்தைத் தந்திருக்கும் என்பதைப் பெற்றோராகிய உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஷென்ரான் என்பது ஒரு டிராகன். மறைந்த ஜப்பானிய ஓவியர் அகிரா டொரியாமா 1984இல் வரையத் தொடங்கிய 'டிராகன் பால்' சித்திரக்கதையில், ஏழு மாய உருண்டைகளை ஒன்று சேர்ப்பவர் முன் தோன்றி, கேட்ட வரத்தைத் தருவது. கதை பின்னர் அனிமே தொடராயிற்று. அதைத் தழுவி ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் உருவாக்க, பண்டாய் நாம்கோ 2018 ஜனவரியில் வெளியிட்ட சண்டை விளையாட்டே 'டிராகன் பால் ஃபைட்டர்ஸ்'. ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்த மாமா, தாம் பயன்படுத்திய பிளேஸ்டேஷனை மூத்தவனுக்குக் கொடுத்துச் சென்றார். விளையாட்டும் அதனுடன் வந்தது.

அன்றிரவே அதை விற்றுவிடுவது என்றுதான் முடிவு செய்தோம். மூத்தவனுக்கு வயது பதின்மூன்று. அவன் அழவில்லை. "ஒரு தடவைகூட விளையாடிப் பார்க்காம எப்படி அத்தா தப்புன்னு சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டான். நாங்கள் பூட்டுத் தொழில் செய்யும் குடும்பம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை மேல்தகட்டின் பளபளப்பைப் பார்த்து யாரும் எடை போடுவதில்லை. சாவியை நுழைத்து, உள்ளே லீவர்கள் எழும் விதத்தை விரல்களால் உணர்ந்த பிறகே பேசுவார்கள். ஆகவே ஒரு வாரம் இஷாவுக்குப் பின் நாங்களே கன்ட்ரோலரைப் பிடித்து அமர்ந்தோம். எங்கள் முதல் தோல்விகளைக் கண்டு இளையவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வெறும் அடிதடி என்று எண்ணியிருந்தது பிழை. ஒவ்வொருவரும் மூன்று வீரர்களைக் கொண்ட அணியைத் தேர்ந்தெடுக்கிறார். களத்தில் ஒருவர் நிற்க, மற்ற இருவரும் வெளியே காத்திருப்பார்கள். அடிபட்டவரின் உயிர்க்கோட்டில் ஒரு பகுதி நீலமாக மாறும். அவரை வெளியே அனுப்பி ஓய்வு கொடுத்தால் அந்த நீலம் மெல்ல மெல்ல மீளும். களைத்தவரை வீம்புக்காகக் களத்தில் வைத்திருப்பவர் தோற்பார். ஸ்பார்க்கிங் என்னும் ஆவேச நிலையை ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம். தோழர்களை இழந்து தனித்து நிற்பவருக்கே அது அதிக நேரம் நீடிக்கும். இதை அமைத்தவர் யாராயினும் நியாய உணர்வு உள்ளவர் என்று தோன்றிற்று.

இலேசான அடிக்குரிய பட்டனை விடாமல் அழுத்தினாலே ஒரு தொடர் தாக்குதல், அவர்கள் மொழியில் காம்போ, தானாக நிகழும். அதை நம்பித்தான் கணினியிடம் நாங்கள் வென்றோம். மூத்தவனிடம் அது செல்லவில்லை. அவன் பின்னோக்கி அழுத்திக் காவல் காத்துக்கொண்டே இருப்பான். தாழ்வாக வரும் அடியைக் குனிந்தும், மேலிருந்து வருவதை நின்றும் தடுக்க வேண்டும். நாங்கள் அவசரப்பட்டுப் பறந்து பாயும் கணத்தில், கீழ்நோக்கி அழுத்தி ஒரு கனத்த அடி கொடுத்து வீழ்த்துவான். காம்போ நீள நீள அதில் ஒவ்வோர் அடியின் வலுவும் குறைந்துகொண்டே வரும் என்பதையும் அவனே விளக்கினான். பாடப்புத்தகத்தை இப்படி விளக்கியிருந்தால் நாங்கள் இன்னும் மகிழ்ந்திருப்போம், அது வேறு விஷயம்.

குறையும் அந்தக் காம்போவிலேயே இருக்கிறது. முதல் அடியில் சிக்கிவிட்டால் அது முடியும்வரை மீள வழியில்லை. கன்ட்ரோலர் கையில் இருந்தும் பார்வையாளராகவே இருக்க வேண்டும். தம்பி அழுவதும், இணையத்தில் தோற்கும்போது மூத்தவன் தலையணையைக் குத்துவதும் அந்த இடத்தில்தான். மல்யுத்தத்தில் வீழ்த்துபவர் வீரரல்லர், கோபத்தின்போது தம்மை அடக்குபவரே வீரர் என்னும் கருத்தமைந்த நபிமொழியை அவன் மத்ரஸாவில் மனனம் செய்திருக்கிறான். எனவே ஒரு விதி வைத்தோம்: தலையணைமீது கை பட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. சண்டையிலும் முகத்தைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. வரைந்த முகத்தைக் குத்துவதும் மனித முகத்தைக் குத்துவதும் ஒன்றல்ல என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனால் அதைத் தம்பிமீது செய்து காட்டுவதற்கு இடமில்லை.

இணைய ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க இயலாது. மக்ரிப் பாங்கு ஒலித்தும் அவன் எழாமலிருந்ததற்கு இதுவே காரணம் என்பது விளையாடிய பிறகே புரிந்தது. அதுவரை அதை அவனது அலட்சியமாகவே எண்ணிக் கடிந்திருக்கிறோம். வீட்டுக்குள் இருவர் ஆடும் ஆட்டத்தை எந்நொடியும் நிறுத்தலாம். இணைய இணைப்பைத் துண்டித்தோம். கிசுகிசுப்பான எதிர்ப்பு இரண்டு நாள் நீடித்தது.

இனி அந்த டிராகன். ஆட்டத்தின்போது இருவரின் காம்போக்களாலும் உருண்டைகள் சேர்கின்றன. ஏழும் சேர்ந்தபின், இலேசான அடித் தொடரை முழுமையாக நிறைவேற்றுபவர் முன் ஷென்ரான் தோன்றி நான்கு வரங்களைக் காட்டுகிறது. வீழ்ந்த தோழரை உயிர்ப்பிப்பது அவற்றுள் ஒன்று. இளையவன் மாடியில் கேட்டது அதைத்தான். இறவாமையும் பட்டியலில் உண்டு. அதைப் பெற்றவரும் அடுத்த சில நொடிகளில் அடிபட்டு வீழ்வதைக் கண்டிருக்கிறோம்.

அழிவின் கடவுள் என்னும் பட்டத்தோடு பீரஸ் என்றொரு பாத்திரமும் உண்டு. அதைப் பற்றிப் பேச நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது மூத்தவனே தொடங்கினான்: "அது வருஷக்கணக்கா தூங்கும் அத்தா. சாப்பாட்டுக்கு அலையும். ஆயத்துல் குர்ஸி தெரிஞ்சவனுக்கு அது கடவுள் இல்லைன்னு தெரியாதா?" நாங்கள் ஒரு மாதமாகத் தயாரித்து வைத்திருந்த உபதேசம் அங்கேயே தேவையற்றுப் போயிற்று.

ஆறு வயதுக்காரனுக்கு அந்தத் தெளிவு இல்லை. அவனைக் கண்டிக்க எங்களுக்கு மனம் வரவில்லை; அவன் கேட்டது பாட்டியை அல்லவா? அவனுக்கு இணைவைப்பு என்ற சொல்லே தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவனை அத்தாவுடன் கப்ருஸ்தானுக்கு அனுப்பினோம். பாட்டி திரும்ப வரமாட்டார்கள் என்றும், ஆனால் நாம் அல்லாஹ்விடம் கேட்கும் துஆ அவர்களுக்குப் பயன் தரும் என்றும் மண்மேட்டின் அருகே சொல்லப்பட்டது. "எத்தனை உருண்டை வேணும்?" என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றதும் நெடுநேரம் யோசித்தான். பிறகு கால்சட்டைப் பையிலிருந்த கோலிக்குண்டுகளை எடுத்து அத்தாவிடம் நீட்டி, கைகளை ஏந்தினான். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே துஆச் செய்தான்.

பிளேஸ்டேஷனை விற்கவில்லை. தம்பி அருகில் இருக்கும்போது ஷென்ரானை அழைப்பதில்லை என்று மூத்தவன் தானாகவே சொன்னான். நாங்கள் அதைப் பெரிதாக நம்பவில்லை. சென்ற வாரம் அத்தாவுடன் நடந்த ஆட்டத்தில் ஏழும் சேர்ந்திருந்தன. அவன் பக்கத்தில் ஒரே வீரர், உயிர்க்கோடு நூல் அளவு. மற்ற இருவரும் வீழ்ந்துவிட்டிருந்தனர். தம்பி அவன் தோளில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூத்தவன் அந்த இலேசான பட்டனைத் தொடாமல் மற்றவற்றைக் கொண்டே கடைசிவரை போராடித் தோற்றான்.