பதினேழாம் நம்பர் தாள்

43 வயதில் ஒருத்தி பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றால் அக்கம்பக்கத்தில் சும்மா இருப்பார்களா? "பிள்ளை பிளஸ் டூ எழுதற நேரத்திலே அம்மாவுக்கு என்ன படிப்பு வேண்டியிருக்கு?" என்று என் மாமியாரிடமே வந்து கேட்டார்கள். மாமியார், "அவ பாட்டுக்குப் படிச்சிட்டுப் போறா. உங்க வீட்டு கரண்ட்டா செலவாகுது?" என்று ஒரே போடாகப் போட்டார். அவர் சுபாவம் அப்படி. என்னைத் திட்டுவதென்றால் அவர்தான் திட்ட வேண்டும். வேறு யாருக்கும் அந்த உரிமையை விட்டுக் கொடுக்க மாட்டார்!

எனக்குச் சிறு வயதிலிருந்தே 'மக்கு' என்று பட்டம். இரண்டு அண்ணன்மார்களும் வகுப்பில் முதல். நான் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவள். "இதுக்குப் படிப்பு ஏறாது" என்று அப்பா தீர்ப்புச் சொல்லி, பிளஸ் டூவோடு நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார். பிறகு, பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தபால் வழியில் பி.ஏ. முடித்தேன். அந்த ருசி விடவில்லை. கல்வியியலில் எம்.ஏ.வுக்கும் பணம் கட்டினேன். பணம் ஏது என்கிறீர்களா? எல்லாம் சீட்டு எடுத்த காசுதான்.

தபால் வழிப் படிப்பு நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1962-லேயே டில்லி பல்கலைக்கழகம் அதைத் தொடங்கிவிட்டது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 2002-ல் தமிழ்நாட்டுக்கென்று ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அடுப்படியை விட்டு நகர முடியாத நம் போன்றவர்களுக்கு இதெல்லாம் வரப்பிரசாதம். ஆனால் ஒரு சிரமம் உண்டு. வகுப்பறையில் வாத்தியார் குரலை உயர்த்துவதை வைத்தே எது முக்கியம் என்று தெரிந்துகொள்ளலாம். இங்கே புத்தகமும் நாமும்தான். எது வேர், எது இலை என்று நாமேதான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிரமத்திலிருந்துதான் என் ஆய்வேட்டின் தலைப்பே பிறந்தது. ஒரே பாடத்தை ஒவ்வொருவர் மனசும் ஒவ்வொரு விதமாக வாங்கிக்கொள்கிறது அல்லவா? அதை 'அறிதல் பாணி' என்கிறார்கள். அமெரிக்காவில் ஹெர்மன் விட்கின் என்று ஓர் உளவியல் அறிஞர் இருந்தார். இருட்டு அறையில் ஒளிவிடும் ஒரு சட்டத்தைச் சாய்த்து வைத்து, அதற்குள் ஒளிவிடும் ஒரு கோலையும் வைத்து, "இந்தக் கோலை நேராக நிமிர்த்தச் சொல்லுங்கள்" என்பார். சிலர் சட்டம் சாய்ந்திருப்பதால் ஏமாந்து, கோலையும் அதற்குத் தக்கபடி சாய்த்து வைத்துவிடுவார்கள். சிலர் சட்டத்தை லட்சியமே செய்யாமல் தங்கள் உடம்பு சொல்கிற மாதிரி நேராக நிறுத்துவார்கள். முதல் வகையினரைச் 'சூழல் சார்ந்தவர்கள்' என்றும், மற்றவர்களைச் 'சூழல் சாராதவர்கள்' என்றும் அவர் பிரித்தார்.

இதையே காகிதத்தில் செய்ய ஒரு சோதனை உண்டு. நாம் போடும் சிக்குக் கோலத்துக்குள் ஒரு சின்ன சதுரம் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பென்சிலால் வரைந்து காட்ட வேண்டும். அந்த மாதிரி 18 படங்கள். ஒன்பது ஒன்பதாக இரண்டு பகுதி, பகுதிக்கு ஐந்தே நிமிஷம். 1971-ல் வெளிவந்த சோதனை இது. என் வழிகாட்டிப் பேராசிரியை இதைக் கொடுத்து முதலில் என்னையே செய்யச் சொன்னார். என்னைவிடப் பத்து வயது இளையவர்; ஆனாலும் எனக்கு 'மேடம்'தான்.

சகோதரிகளே, எனக்கு 16 மார்க்! அன்றைக்குத் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் நான் தரையில் உட்கார்ந்து வரவில்லை, வானத்தில் மிதந்து வந்தேன். மக்காவது, மண்ணாவது! தனியாகப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தக் கண்தானே வேண்டும்? ஒளிந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடிக்கிறவர்களே தொலைநிலைக் கல்வியில் அதிக மார்க் வாங்குவார்கள் என்று நிரூபிப்பது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். கவனியுங்கள், 'கண்டறிவது' இல்லை. 'நிரூபிப்பது'.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பெண்களில் 31 பேர் சம்மதித்தார்கள். எல்லோரும் குடும்பஸ்திரீகள். எதற்காகச் சோதனை என்று விளக்கி, கையெழுத்து வாங்கி, தாளில் பெயருக்குப் பதிலாக நம்பர் மட்டும் போட்டோம். பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வைக்கும்படி மேடம் சொன்னார். எங்கள் வீட்டில் பூட்டுவதற்கு என்று இருப்பது பீரோ ஒன்றுதான். என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் கிடந்தது ஆராய்ச்சி ரகசியம்!

பரீட்சை மார்க்குகள் வந்ததும் கணக்குப் போட உட்கார்ந்தேன். இரண்டு சங்கதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க 'ஒட்டுறவுக் கெழு' என்று ஒன்று உண்டு. முழுக்கச் சேர்ந்து போனால் 1; சம்பந்தமே இல்லையென்றால் 0. 31 பேர் என்றால் அது 0.355-ஐயாவது தொட வேண்டும். தொடவில்லையென்றால் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு வந்தது 0.19.

இரண்டு தடவை, மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பையனை எழுப்பிப் போடச் சொன்னேன். அதே 0.19. ராத்திரி பதினொரு மணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருஷ உழைப்பு! பையனின் பரீட்சை நேரத்தில்கூட நோட்டும் கையுமாக அலைந்தேனே... கல்லூரியில் வேலை பார்க்கும் என் நாத்தனார் போனில், "ஒண்ணும் வரலைன்னா அதை எப்படி அண்ணி ஆய்வேடா எழுதுவீங்க?" என்று வேறு கேட்டுவிட்டாள்.

தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். மூன்று தாள்கள்தான் காலை வாரியிருந்தன. மூன்றுமே படச் சோதனையில் அடிமட்டம். பரீட்சையிலோ நல்ல மார்க். அதிலும் 17-ஆம் நம்பர், 18-க்கு 4. பரீட்சையில் 71! அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு குழந்தை பென்சிலால் கிறுக்கியிருந்தது. எனக்கு நினைவு வந்துவிட்டது. அன்று மடியில் குழந்தையோடு வந்திருந்தவள். பெயர் வேண்டாம், தேவகி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை தொந்தரவு செய்திருக்கிறது, ஆகவே அந்தத் தாள் செல்லாது. இதில் என்ன தப்பு? மற்ற இரண்டு பேரும் தாமதமாக வந்தவர்கள். மூன்றையும் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டேன். 0.41! 28 பேருக்கு 0.374 இருந்தால் போதும். பாயசம் வைத்துவிடலாம் போலிருந்தது.

மறு ஞாயிறு மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "இந்த மூணு பேரை எப்போ எடுத்தீங்க? கணக்குப் போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

"பின்னாடிதான் மேடம்..."

"அன்னிக்கு நடுவிலே ஒருத்தருக்குப் போன் வந்து வெளியே போயிட்டு வந்தாங்களே, அவங்க தாள்?"

அது ஒன்பதாம் நம்பர். படத்திலும் நல்ல மார்க், பரீட்சையிலும் நல்ல மார்க். அதை நான் தொடவே இல்லை. தொடத் தோன்றவும் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து மேடம் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. "யாரை நீக்கறதுங்கிற விதியை முடிவு தெரியறதுக்கு முன்னாலே எழுதி வச்சுடணும். எழுதி வைக்கலேன்னா 31 பேரும் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டால், நாம் பார்த்து யாருக்கு எவ்வளவு ஊற்றுவது என்று தீர்மானிப்போமே, அந்தச் சாமர்த்தியத்தை ஆராய்ச்சியிலும் காட்டியிருக்கிறேன்!

இன்னொன்றும் அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். ஒரு பாணி உயர்வு, இன்னொன்று தாழ்வு என்று விட்கின் சொல்லவே இல்லை. மனிதர்களோடு பழகும் விஷயங்களில் சூழல் சார்ந்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்றே அவர் கருதினார். இந்தச் சோதனை காட்டுவது பாணியையே அல்ல, வெறும் ஒரு திறமையைத்தான் என்று வாதாடியவர்களும் பின்னால் வந்தார்கள். என் 16 மார்க்கை நான் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்ததுதான் மிச்சம்.

வீட்டிலும் இதே கூத்துதான். பையன் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு டியூஷன் நிலையத்தில் ஏதோ கேள்வித்தாள் கொடுத்து, "இவன் பார்த்துப் படிக்கிற ரகம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பி, மூன்று வருஷம் சுவரெல்லாம் கலர் கலராகப் படம் ஒட்டினேன். பார்க்கிற ரகம், கேட்கிற ரகம் என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தால் நன்றாகப் படிப்பு வரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே நான்கு உளவியலாளர்கள் அலசி ஆராய்ந்து எழுதிவிட்டார்களாம். சுவர்ச் சுண்ணாம்பு போனதுதான் கண்ட பலன்.

சரி, தேவகிக்கு 71 எப்படி வந்தது? மனசு கேட்கவில்லை. மேடத்தின் அனுமதியோடு அவளுக்குப் போன் செய்தேன்.

"என்னக்கா பெரிய படிப்பு! பாப்பா தூங்கற நேரம்தான் கிடைக்கும். ஒரு பக்கம் படிப்பேன். அதுக்குள்ளே முழிச்சிக்கும். புத்தகத்தை மூடி வச்சிட்டு, கீரை ஆஞ்சிக்கிட்டே எங்க அத்தைகிட்டே படிச்சதைக் கதையா சொல்லுவேன். அவங்க நடுவிலே 'அது ஏன், இது எதுக்கு'ன்னு கேப்பாங்க. சொல்லத் தெரியலேன்னா ராத்திரி மறுபடியும் அந்த இடத்தை மட்டும் பாப்பேன்" என்றாள்.

நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். இரண்டு வருஷமாக நான் படித்த முறை என்ன தெரியுமா? ஒரே பாடத்தை மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு நான்கு தடவை படிப்பது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் இதையேதான் சோதித்திருக்கிறார்கள். ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரே முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 சதவிகிதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ்! படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

இதற்காகத் தேவகியின் 71-க்கு அவள் அத்தைதான் காரணம் என்று நான் எழுதிவிடவில்லை. ஒருத்தி சொன்னதை வைத்து முடிவு கட்டினால் மறுபடியும் பழைய தப்பைத்தான் செய்வேன். '31 பேரில் 0.19, குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை' என்று எழுதினேன். மூன்று தாள்களை நீக்கிப் பார்த்ததையும், ஏன் அதை ஏற்கக் கூடாது என்பதையும் ஒரு பக்கம் எழுதினேன். அந்த ஒரு பக்கம்தான் எழுதக் கை வராமல் நாலு நாள் இழுத்தது. இனி ஆராய வேண்டியவை என்ற இடத்தில், பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே படித்ததை எப்படித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார்கள் என்பதைச் சேர்த்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் அந்தப் பக்கத்தைத்தான் இரண்டு தடவை படித்தார். "இதை யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டார். "யாரும் சொல்லலை சார்" என்றேன். மார்க் பிரமாதமாக ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வகுப்பு. நாத்தனாருக்குப் போன் செய்து நானே சொல்லிவிட்டேன்.

இப்போது நூலக அறிவியலில் ஒரு பட்டயப் படிப்புக்குச் சேர்ந்திருக்கிறேன். மஞ்சள் பேனாவைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். மத்தியானம் அரிசி புடைக்கும்போது படித்ததை மாமியாரிடம் சொல்கிறேன். அவர் லேசில் விடுவதில்லை. போன வாரம் பேச்சுவாக்கில் பழைய கதைக்குப் போய், விட்கினின் இருட்டு அறையை வர்ணித்தேன்.

"அது சரி, அந்தச் சட்டத்தைச் சாய்ச்சு வச்சானே, ஒருத்தன் உக்காந்திருக்கிற நாற்காலியையே சாய்ச்சு வச்சா என்ன ஆகும்?" என்றார் மாமியார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. முறத்தை அப்படியே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தேன்.