நெட்டுருவும் நினைவும்

படித்தது நெஞ்சில் நில்லாத பிள்ளைகளை மந்தரென்று இகழ்வது நம்மவரிடை வழக்கமாகிவிட்டது. குற்றம் மூளையினதன்று, படிக்கும் முறையினதே என்பது நம் துணிபு.

செலாயாங்கில் நம் தமக்கையார் இல்லத்தில் இரு நாள் தங்கினோம். அவர் மகள் எஸ்.பி.எம். தேர்வுக்கு வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். "1874, பங்கோர் உடன்படிக்கை" என இரவெல்லாம் ஓதினாள். காலையில் வினவியபோது ஆண்டு மறந்திருந்தது. "எனக்குப் படிப்பு ஏறாது மாமா" என்று கண் கலங்கினாள். 2013 முதல் வரலாற்றில் தேறாதார்க்கு அச்சான்றிதழ் கிட்டாதாகலின், அவள் அச்சம் வீணச்சமன்று.

நம் கதையும் அதுவே. ஆங்கிலப் பள்ளியில் பொருளறியாப் பாட்டுக்களைப் பிழையின்றி ஒப்பித்துப் பரிசு பெற்றோம். இன்று ஓரடியும் நினைவிலில்லை. தோட்டத்தில் கிராணியானபின் செக்ரோலிலுள்ள பெயர்களை நாம் உருப்போட்டதேயில்லை. எவர் எந்தக் காட்டில் குலை வெட்டுவார், எவர் மகன் எவ்வகுப்பில் பயில்கிறான் என அறிந்தமையால் அவை தாமே மனத்தில் பதிந்தன.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றுமுண்டு. 1975-இல் கிரேக், டல்விங் என்னும் உளநூலார் இருவர் தம் சோதனையை வெளியிட்டனர். சொற்களை ஒவ்வொன்றாய்க் கணநேரம் காட்டி, சிலவற்றுக்கு எழுத்தின் வடிவையும், சிலவற்றுக்கு ஓசை இயைபையும், சிலவற்றுக்கு அச்சொல் ஒரு வாக்கியத்திற் பொருந்துமா என்பதையும் வினவினர். பின்னர் எதிர்பாராவகையில் நினைவைச் சோதித்தபோது, பொருளை எண்ணிய சொற்களே மிகுதியும் நினைவில் நின்றன. கண்ணும் நாவும் உழைத்தால் போதாது. கருத்தும் உழைத்தல் வேண்டும்.

ஆகவே அன்று மாலை மருமகளிடம் ஓதச் சொல்லாது, கேள்வி கேட்டோம். பேராக் அரியணைக்குப் போட்டி. லாரூட் ஈயச் சுரங்கங்களில் சீனக் கூட்டத்தாரிடையே போர். "ராஜா அப்துல்லா ஏன் கையொப்பமிட்டார்?" "அரியணை வேண்டி." "கொடுத்த விலை?" சிறிது எண்ணினாள். "சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக, மற்றவற்றில் வெள்ளைக்கார ரெசிடெண்ட் சொற்படி நடக்கவேண்டும்!" 1875-இல் ரெசிடெண்ட் பிர்ச் கொலையுண்டதன் காரணத்தை அவளே ஊகித்துரைத்தாள். பின்பு புத்தகத்தை மூடிவைத்து, முழுவதையும் தாய்க்குக் கதையாய்ச் சொன்னாள்.

மறுவாரம் தொலைபேசியில் வினவினோம். ஆண்டும் காரணமும் தடையின்றி வந்தன.

வாய்ப்பாட்டை உருப்போடுதல் தீதென்று யாம் கூறவில்லை. ஆயின் பொருளறியா ஓதலைக் கல்வியென மயங்கலாகாது. பெற்றோரே! "எத்தனை முறை படித்தாய்?" எனக் கேளாதீர், "ஏன் அவ்வாறு நேர்ந்தது?" எனக் கேளுங்கள். மந்தரென நாம் தள்ளிய பிள்ளைகள் விடை சொல்வர்.