உறுதியில் இருந்த இரண்டு திகதிகள்

2025 மே மாதம் லண்டனில் அக்கா வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். கிழக்கு லண்டனில், கவுன்சில் கட்டிய பழைய தொடர்மாடிக் கட்டடமொன்றின் மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்த வீடு. மருமகளுக்குக் கல்யாணம் முற்றாகியிருந்த நேரம். வீட்டை அவளுடைய பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாங்கள் மகனோடு போயிருப்பதென அக்காவும் அத்தானும் தீர்மானித்திருந்தார்கள். சீதனம் என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் அது அதுதான்.

ஓரிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மருமகள் கேட்டாள்.

"அப்பா, லீசிலை எத்தினை வருசம் மிச்சம் இருக்கு?"

"நூற்றி இருபத்தைஞ்சு வருசம் பிள்ளை. வாங்கி இருபத்தாறு வருசம். இன்னும் தொண்ணூற்றொன்பது கிடக்கு. உன்ரை பேரப்பிள்ளைக்கும் காணும்" என்றார் அத்தான்.

இங்கிலாந்தில் தொடர்மாடி வீடொன்றை 'வாங்குவது' என்பது பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகையொன்றை வாங்குவதே என்பது அங்கு வாழாத நண்பர்களுக்குத் தெரியாதிருக்கலாம். நிலமும் கட்டடமும் வேறொருவருடையவை. நாம் விலை கொடுத்துப் பெறுவது குறித்த ஆண்டுகளையே. அவை தீர்ந்தால் ஆதனம் நில உரிமையாளரிடம் திரும்பிவிடும். கவுன்சில் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைக் கழிவு விலையில் வாங்கும் உரிமையை 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் கொடுத்தது. எங்கள் ஆட்கள் பலர் லண்டனில் முதல் வீடு கண்டது அந்த வழியில்தான். அத்தான் 1999இல் வாங்கினார்.

பழைய பிஸ்கற் பேணியிலிருந்து குத்தகை உறுதியை எடுத்துவந்து என்னிடம் தந்தார். முதற் பக்கத்தில் 1999ஆம் ஆண்டுத் திகதி. சற்றுக் கீழே 125 ஆண்டுகள். "அத்தான் சொல்லுறது சரி" என்று தீர்ப்புச் சொன்னேன். முப்பது வருடங்களாகப் பிறருடைய ஆவணங்களைப் படித்துச் செய்தி எழுதியவனின் சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது.

மருமகள் அதோடு விடவில்லை. அரசாங்கக் காணிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் முகவரியைக் கொடுத்துத் தேடினாள். இதே பதிவேட்டை அதிக பணத்துக்கு விற்கும் தனியார் தளங்களும் இருக்கின்றன. அரசாங்கத் தளத்தில் கட்டணம் ஏழு பவுண் மட்டுமே. ஒரே முகவரிக்கு இரண்டு பதிவுகள் வந்தன. ஒன்று கட்டடம் முழுவதற்குமான நில உரிமைப் பதிவு, மற்றது வீட்டின் குத்தகைப் பதிவு. இரண்டாவதை எடுத்தாள். ஒப்பமிட்ட திகதி 1999. அடுத்த வரியில், தவணை: 1981 நவம்பரிலிருந்து 125 ஆண்டுகள்.

"பதிவுகாரர் பிழை விட்டிட்டாங்கள்" என்றார் அத்தான்.

உறுதியை மீண்டும் வாங்கி, இம்முறை ஒழுங்காக வாசித்தேன். பிழை பதிவகத்தினுடையதல்ல, என்னுடையது. 125 ஆண்டுகள் என்ற சொற்களைத் தொடர்ந்து 1981 அங்கேயே இருந்தது. காரணத்தைத் தேடிப் பிடிக்க மறுநாள் முழுவதும் சென்றது. ஒரு கட்டடத்தில் முதலாவது வீடு விற்கப்பட்டு 125 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டிருந்தால், பின்னர் விற்கப்படும் வீடுகளின் குத்தகைகளும் அதே நாளில் முடியுமாறு எழுதலாம் என்று 1985ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் ஆறாம் அட்டவணை இடம் கொடுக்கிறது. கீழ் மாடியில் யாரோ 1981இல் வாங்கியபோது அத்தானின் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிட்டது. அப்போது அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவர் வாங்கிய நாளிலேயே பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. அன்றைய சட்டத்தரணி இதைச் சொன்னாரா இல்லையா என்பது அவருக்கு நினைவில்லை.

மிச்சம் எண்பத்தொன்றரை ஆண்டுகள். அதுவும் ஒரு மனித ஆயுள்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் எண்பது என்பது ஒரு கோடு. குத்தகையை மேலும் தொண்ணூறு ஆண்டுகள் நீட்டவும், நில வாடகையை ஒரு மிளகு என்ற பெயரளவுக்குக் குறைக்கவும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. எண்பதுக்கு மேல் மிச்சம் இருக்கும்போது கேட்டால் ஒரு விலை. அதைத் தாண்டிக் கீழே போய்விட்டால், நீட்டுவதனால் வீட்டுக்குக் கூடும் பெறுமதியில் பாதியையும் நில உரிமையாளருக்குக் கொடுக்கவேண்டும். 2024ஆம் ஆண்டின் புதிய சட்டம் இந்தப் பங்கை ஒழிக்க வகைசெய்திருந்தபோதும் அந்தப் பிரிவுகள் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. இந்தப் பங்குக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரின் பொருள் 'திருமணப் பெறுமதி'.

"அப்ப இவையளும் சீதனம் கேக்கினம்" என்றா அக்கா. அந்த இரண்டு நாட்களில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

அத்தான் சிரிக்கவில்லை. அன்றிரவு நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, பேணியின் அடியிலிருந்து இன்னொரு உறுதியை எடுத்தார். வலிகாமம் வடக்கில் அவருடைய முதுசக் காணி. ஊர் நொத்தாரிசு எழுதியது. எல்லைகள் நான்கும் சொல்லி, கிணற்றையும் பனைகளையும் சொல்லி, பரம்பரை பரம்பரையாக ஆண்டனுபவிக்க எழுதப்பட்டது.

"இதிலை முடியிற திகதி எண்டு ஒண்டு இல்லை" என்றார்.

உண்மை. 1990இல் அவர்கள் அந்தக் காணியைவிட்டு ஓடிவந்தார்கள். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. அயலில் பல காணிகள் விடுபட்டும் இவருடையது விடுபடவில்லை. முடிவுத் திகதி இல்லாத உறுதி கையில் இருக்க, முப்பத்தைந்து வருடங்களாக அந்த மண்ணில் அவர் கால் வைத்ததில்லை. ஆண்டுகளை எண்ணிக் கொடுத்த இந்த மூன்றாம் மாடியில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

குத்தகையை நீட்டித்த பிறகே வீட்டை எழுதுவது, செலவில் பாதியை மருமகளும் மாப்பிள்ளையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மகளுக்குக் கொடுப்பதை மகளிடம் பணம் வாங்கிக் கொடுப்பதா என்று அத்தான் இரண்டு நாள் மறுத்தார். "எண்பத்தொண்டு எண்டு தெரிஞ்சும் எழுதித் தந்தால்தான் எனக்குக் கவலை" என்று மருமகள் சொன்னபிறகே சம்மதித்தார். செப்டெம்பரில் சட்டப்படி அறிவித்தல் கொடுத்தாயிற்று என்று தொலைபேசியில் சொன்னாள். எண்பதுக் கோட்டுக்கு அப்போது ஓராண்டும் சில வாரங்களுமே இருந்தன.

லண்டனில் கவுன்சில் தொடர்மாடி வாங்கிய நண்பர்கள் இதைப் படிப்பீர்களானால், ஏழு பவுண் செலவழித்துப் பதிவேட்டைப் பாருங்கள். ஒப்பமிட்ட நாளிலிருந்து எண்ணாதீர்கள். தவணை தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். நான் எண்ணிய விதத்தில் எண்ணியிருந்தால் அந்தப் பிள்ளை பதினேழு ஆண்டுகள் குறைந்த வீடொன்றுக்குள் குடிபுகுந்திருப்பாள்.